பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவுட்டர் பேங்க்ஸில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஜூலையில் வட கரோலினாவின் அட்லாண்டிக் கரையோரத் தீவுத் தொடரான அவுட்டர் பேங்க்ஸில் வீடு எடுத்திருப்பதாகவும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "யாரும் நீந்தப் போவதில்லை, சும்மா கால் நனைப்போம், அதனால் கடலைப் பற்றிப் பயமில்லை" என்றும் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் அதே மாநிலத்தில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக எங்கள் வீட்டுக் கோடை விடுமுறை அங்கேதான்.

என் அப்பாவும் கால் நனைக்கத்தான் போனார். கும்பகோணம் பக்கம் கிணற்றிலும் ஆற்றிலும் குதித்து வளர்ந்தவர், அப்போது வயது 67. கில் டெவில் ஹில்ஸ் கடற்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஒரு அலை திரும்பும்போது காலுக்கடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். எழுவதற்குள் அடுத்த அலை. நான் ஓடி வருவதற்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். நீந்தத் தெரிந்தவர் ஆயிற்றே, கரையைப் பார்த்து வேகமாக நீந்தினார். நீந்த நீந்தப் பின்னால் போனார். இருபது வயதுகூட இருக்காது அந்த லைஃப்கார்டு பெண்ணுக்கு. சிவப்பு மிதவையோடு பாய்ந்து போகும்போதே என்னைப் பார்த்து, "நீ இறங்காதே" என்று கத்தினாள். காப்பாற்றப் போகிறவர்களும் சேர்ந்து மூழ்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது என்று பிறகு சொன்னாள்.

அப்பாவைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, மணலில் விரலால் வரைந்து காட்டினாள். கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கடியில் மணல் திட்டு இருக்கும். அதைத் தாண்டி அலைகள் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர், திட்டில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பும். அதுதான் ரிப் கரண்ட். வினாடிக்கு 8 அடி வரைகூட ஓடும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அந்த இடத்தில் பெரும்பாலும் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் "இங்கே அலையே இல்லை" என்று தேடிப் பிடித்து இறங்குவதும் அந்த இடத்தில்தான். நாங்களும் அன்றைக்கு அப்படித்தான் இடம் தேர்ந்தெடுத்தோம்.

ரிப் கரண்ட் ஆளை அடியில் அமுக்காது, உள்ளே கொண்டுபோகும். அவ்வளவுதான். அகலமும் அதிகம் இருக்காது. எதிர்க்காமல் மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். முடியவில்லை என்றால் மிதந்தபடியே கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தவித்தேன். "ஆத்துல தண்ணி வேகமா போறப்ப எதிர்த்தா நீந்துவீங்க? அது போக்குலயே சாஞ்சுதானேப்பா கரை ஏறுவீங்க?" என்று கேட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். உங்கள் அப்பாவும் ஆற்றங்கரைக்காரர் என்றால் இப்படியே சொல்லுங்கள். நீந்தவே தெரியாதவர்களுக்கு ஒரே வழி, ஈர மணலோடு நின்றுவிடுவதுதான். அம்மாவுக்குப் புடவை வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றிக்கொண்டு எழவே விடாது.

வானத்தைப் பார்த்துக் கடலை எடை போடாதீர்கள். எங்களுக்கு அது நடந்த நாளில் நல்ல வெயில், காற்றுகூட இல்லை. எங்கோ பல நூறு மைல் தள்ளி அட்லாண்டிக்கில் ஒரு புயல் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் அலைகள் மட்டும் இங்கே வந்துகொண்டிருந்தன. காலையில் கிளம்பும் முன் தேசிய வானிலை சேவையின் அன்றைய கடற்கரை முன்னறிவிப்பைப் பாருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடல் பக்கமே போக வேண்டாம், நீச்சல் குளமோ சவுண்ட் பக்கமோ (தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் உப்பங்கழி) போதும். லைஃப்கார்டு மேடைக்கு நேர் எதிரே குடை நடுங்கள். வந்ததும் "இன்று எங்கே இழுக்கிறது?" என்று அவர்களையே கேளுங்கள், முகம் சுளிக்காமல் கை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் மாலையில் இறங்கிப் போனதும் நீங்களும் மேலே வந்துவிடுங்கள்.

இனி வீட்டுக்குள். பெற்றோருக்கு முழங்கால் வலி என்று லிஃப்ட் உள்ள வீடாகத் தேடியிருப்பீர்கள், நாங்களும் அப்படித்தான் தேடுவோம். அங்குள்ள வீடுகள் தூண்மேல் நிற்பவை, படிகள் அதிகம். 2021 ஜூலையில் கொரோல்லாவில் ஒரு வாடகை வீட்டு லிஃப்டில் 7 வயதுச் சிறுவன் இறந்துபோனான். வெளிக்கதவுக்கும் லிஃப்டின் உள்கதவுக்கும் நடுவில் குழந்தை நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தால் வருகிற ஆபத்து அது. அடுத்த வருடமே வாடகை வீடுகளில் அந்த இடைவெளியைக் குறைக்கச் சொல்லி வட கரோலினா சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் போனதும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்து நீங்களே பாருங்கள். பிள்ளைகள் தனியாக லிஃப்டில் ஏறக் கூடாது. வீட்டு நீச்சல் குளத்துக்குப் போகிற கதவின் தாழ்ப்பாளையும் பாருங்கள். பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிற வீட்டில் "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான் பயம். நாங்கள் அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வைத்திருக்கிறோம்.

மணலில் பிள்ளைகள் குழி தோண்டினால் அவர்கள் முழங்கால் உயரத்தோடு நிறுத்திவிடுங்கள். 2023 மே மாதம் ஃபிரிஸ்கோவில் ஆழமான குழி சரிந்து 17 வயதுப் பையன் இறந்தான். கிளம்பும்போது மூடிவிட்டு வாருங்கள், இரவில் முட்டையிடக் கரையேறும் கடலாமைகள் அதில் விழுந்துவிடும்.

கொரோல்லாவுக்கு வடக்கே காட்டுக் குதிரைகள் கடற்கரையில் நடந்து வரும். நம் ஊரில் மாட்டுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை, தானாக நீளும். கொடுக்கவே கூடாது. 2020-ல் யாரோ கொடுத்த ஆப்பிள் தொண்டையில் சிக்கி ஒரு குட்டி செத்துப்போனது. 50 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஜாக்கீஸ் ரிட்ஜ் மணற்குன்றுக்கு மதியம் போகாதீர்கள், மணல் காலைச் சுட்டுவிடும். மாலை ஆறுக்கு மேல் போனால் சவுண்ட் பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். பெற்றோருக்கு உண்மையில் பிடிப்பது அந்தப் பக்கம்தான். பெரிய அலை கிடையாது, பல இடங்களில் வெகுதூரம் வரை முழங்கால் தண்ணீர்தான். ஆசைப்பட்ட மாதிரி அங்கே கால் நனைக்கட்டும். சிப்பி கிழிக்கும், காலில் செருப்பு இருக்கட்டும்.

சனிக்கிழமைதான் நிறைய வீடுகளில் ஆள் மாறும் நாள். அன்று மதியம், தீவுக்குள் நுழைகிற ரைட் மெமோரியல் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வீட்டில் இருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இட்லி மாவு, கறிவேப்பிலை எல்லாம் இங்கிருந்தே ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய்விடுங்கள். வீட்டை இன்னும் உறுதி செய்யவில்லை என்றால் எந்த ஊர், எந்தத் தெரு என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பக்கத்து லைஃப்கார்டு மேடை நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.