படத்தில் இல்லாத கம்பி: ஆற்றலின் புவியியல் பற்றிக் கேள்வி பதில்

ஆற்றல் எங்கே கிடைக்கிறது, எங்கே செலவாகிறது, எத்தனை காலம் தாங்கும் என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீட்டி முழக்கியிருக்கிறேன், சிலவற்றை நாலு வரியில் முடித்துவிட்டேன். அதற்கும் கேள்வியின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பிடித்த இடம் வந்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

கேள்வி (பள்ளி ஆசிரியர் ஒருவர்): சஹாராவில் ஒரு மூலையில் சோலார் பேனல் விரித்தால் உலகத்துக்கே கரண்ட் கிடைக்கும் என்று ஒரு படம் அடிக்கடி சுற்றுகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: அந்தப் படத்தில் பாலைவனத்தின் மேல் போட்டிருக்கும் சின்னச் சதுரத்தின் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். படத்தில் இல்லாதது, சதுரத்திலிருந்து வெளியே போகிற கம்பி. வெயில் கொட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. 2009-இல் டெசர்டெக் என்ற பெயரில், வட ஆப்பிரிக்க வெயிலை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப் பெரிய பெரிய கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன. ஐந்தாறு வருஷத்துக்குள் பெரும்பாலானவை கழன்றுகொண்டன.

கம்பி இழுக்கத் தெரியாமல் அல்ல. சீனாவில் ஷின்ஜியாங்கின் சாங்ஜியிலிருந்து கிழக்கே அன்ஹுய் மாகாணம் வரை சுமார் 3,300 கி.மீ. நீளத்துக்கு 11 லட்சம் வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) லைன் 2019 முதல் ஓடுகிறது. 12,000 மெகாவாட் தாங்கும். (அதில் நிலக்கரி மின்சாரமும் ஓடுகிறது, அது வேறு கதை.) ஆனால் முதல் கோபுரம் முதல் கடைசிக் கோபுரம் வரை ஒரே அரசாங்கம். சஹாராக் கம்பி எத்தனை எல்லை தாண்ட வேண்டும், எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிள்ளைகளையே வரைபடத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரியில் அளந்த திறன், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனல் 65 டிகிரிக்குக் காய்ந்தால் 12 முதல் 16 சதவீதம் அங்கேயே போயிற்று. சிலியின் அட்டகாமா பாலைவனத்தை எல்லோரும் மெச்சுவதற்கு அதன் தெளிந்த வானத்தோடு உயரமும் குளிர்ச்சியும் காரணம்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஹோர்முஸ் நீரிணை என்றாலே ஏன் எண்ணெய்ச் சந்தை பதறுகிறது? வேறு வழியில் சுற்றிப் போக முடியாதா?

பதில்: பாரசீக வளைகுடா ஒரு பாட்டில் என்றால் ஹோர்முஸ் அதன் கழுத்து. பாட்டிலுக்கு இரண்டாவது வாய் கிடையாது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கி.மீ. அளவுதான். கப்பல்களுக்கு ஒதுக்கிய தடமோ போக ஒன்று, வர ஒன்று, ஒவ்வொன்றும் 3 கி.மீ. அகலம். 2023, 2024 கணக்குப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் அந்த வழியாகப் போனது. உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு.

சவூதி செங்கடல் பக்கம் யான்புவுக்கும், ஐக்கிய அரபு அமீரகம் ஃபுஜைராவுக்கும் குழாய் போட்டிருக்கின்றன. முழுச் சரக்கையும் அவை தாங்காது. கத்தார் எரிவாயுவின் நிலை இன்னும் சிக்கல். மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, 600-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலேற்றுகிறார்கள். அந்தக் கப்பல்களுக்குச் சுற்றுவழியே இல்லை.

கேள்வி (பெயர் சொல்லாதவர்): ஐஸ்லாந்தில் ஆளுக்குச் சுமார் 50,000 யூனிட் மின்சாரம் என்று படித்தேன். அவ்வளவு வீணடிக்கிறார்களா?

பதில்: வீட்டில் விளக்கை அணைக்காமல் தூங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அலுமினிய உருக்காலைகள் குடித்துவிடுகின்றன. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் வேண்டும். நடுக்கடல் தீவு. மின்சாரத்தை அயல்நாட்டுக்கு விற்கக் கம்பி கிடையாது. ஆனால் அருவியும் பூமிச் சூடும் தாராளம். எனவே மூலப்பொருளைக் கப்பலில் இறக்கி, உருக்கி, உலோகமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த உலோகக் கட்டி ஒவ்வொன்றும் கப்பலில் போகிற மின்சாரம்தான். அது எங்கோ ஒரு நாட்டில் காராகவோ ஜன்னல் சட்டமாகவோ ஆகிறது, கணக்கு மட்டும் ஐஸ்லாந்துக்காரர் பெயரில் விழுகிறது. ஆள்வீதக் கணக்கை வைத்து ஒரு நாட்டை வையும் முன், அங்கே தயாராவதை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற மின்பொறியாளர்): இதைப்பு அணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாததா! பரானா ஆற்றில் பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டியது. 700 மெகாவாட் இயந்திரங்கள் 20, ஆக 14,000 மெகாவாட். வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதில் பிரேசில் 60 ஹெர்ட்ஸ், பராகுவே 50 ஹெர்ட்ஸ். அதனால் ஒரே அணையில் பத்து இயந்திரம் ஒரு தாளத்தில் சுற்ற, மற்ற பத்து வேறு தாளத்தில் சுற்றுகின்றன. பராகுவேயின் பங்கு அதன் தேவையைவிட வெகு அதிகம். மிச்சத்தைப் பிரேசிலுக்கு விற்க வேண்டும், தாளமோ ஒத்துவராது. ஆகவே அதை நேர்மின்னோட்டமாக்கி, 800 கி.மீ. தள்ளி சாவோ பாலோ பக்கம் கொண்டுபோய், அங்கே 60 ஹெர்ட்ஸாகத் திருப்புகிறார்கள்.

ஜப்பானில் இதே கோளாறு நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்குப் பாதி ஜெர்மானிய இயந்திரம் வாங்கி 50-இல் தொடங்கியது, மேற்குப் பாதி அமெரிக்க இயந்திரம் வாங்கி 60-இல். 2011 சுனாமிக்குப் பிறகு டோக்கியோ இருட்டில் தவித்தபோது, மேற்கிலிருந்து தாள மாற்றி நிலையங்கள் வழியாகச் சுமார் 1,000 மெகாவாட்தான் தர முடிந்தது.

கேள்வி (இரண்டு மூன்று பேர்): காற்று எல்லா இடத்திலும் அடிக்கிறது. காற்றாலை மட்டும் ஏன் சில இடங்களிலேயே?

பதில்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் 8 மீட்டர் வீசும் இடத்துக்கும் முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கிடைக்கிற ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால்தான் கணவாய், கடலோரம் என்று தேடிப் போகிறார்கள்.

தேடிப் போன இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் நல்ல பாடம். இரண்டு மேட்டுநிலங்களுக்கு நடுவே குழல் ஊதுவதுபோலக் காற்று. 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017-இல் தயார். ஆனால் தேசிய மின்வலைக்கு வரவேண்டிய 430 கி.மீ. லைன் முடியவில்லை. இறக்கைகள் சும்மா நின்றன. 2018 செப்டம்பரில்தான் இணைப்பு வந்தது. அதற்குள் ஓடாத காற்றாலைக்காக அரசு தாமதப் பணம் தர வேண்டியதாயிற்று.

கேள்வி: நிலக்கரி மின் நிலையம் ஏன் சுரங்கத்தின் வாசலிலேயே கட்டப்படுகிறது? அணுமின் நிலையம் அப்படி இல்லையே?

பதில்: எடைதான் காரணம். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் முழுமூச்சில் ஓடினால் நாளைக்குச் சுமார் 10,000 டன் எரியும். அதே அளவு அணுமின் நிலையத்துக்கு ஒரு வருஷத்துக்கே 25, 30 டன் எரிபொருள் போதும். அதற்கு யுரேனியம் பக்கத்தில் தேவையில்லை. குளிர்விக்கத் தண்ணீர்தான் தேவை, ஆகவே கடற்கரையையும் ஆற்றங்கரையையும் தேடுகிறது.

கேள்வி (மாணவர்): பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தால் தண்ணீரை மலைமேல் ஏற்றி, இரவில் இறக்கி எடுக்கலாமே? அப்புறம் எதற்கு பேட்டரி?

பதில்: எடுக்கிறார்கள் தம்பி. மின்சாரத்தைச் சேமிக்க உலகம் வெகு காலமாக நம்பியிருப்பது இந்த நீரேற்று நிலையங்களைத்தான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ஆற்றலை மேலேயிருந்து விழும் தண்ணீரில் எடுக்க வேண்டும் என்று வை. நஷ்டமே இல்லையென்றாலும் 100 லிட்டர், 340 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஒரு பாத்திர வெந்நீருக்கே இவ்வளவு என்றால் ஒரு நகரத்துக்கு? மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி, நடுவில் செங்குத்தான மலை, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். சமவெளி நாடுகள் எங்கே போகும்? பேட்டரியை எங்கு வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம்.

கேள்வி: அணை மின்சாரம் தீராத ஆற்றல்தானே?

பதில்: ஆறு தீராது, வருஷங்கள் பொய்க்கும். சாம்பியாவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அணைகளிலிருந்து வந்தது. 2024 வறட்சியில் கரீபா ஏரி வற்ற, நாளின் பெரும்பகுதி மின்வெட்டு. ஏரியின் மறுகரையில் இருக்கும் ஜிம்பாப்வேக்கும் அதே கதி. ஒரே ஆற்றை நம்புவது ஒரே நீரிணையை நம்புவதைவிடப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பேனலும் பேட்டரியும் பெருகினால் எண்ணெய்க்குப் பதில் கோபால்ட், லித்தியம் என்று அடிமைத்தனம் இடம் மாறும், அவ்வளவுதானே?

பதில்: பாதி உண்மை. கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். மறு பாதி: எண்ணெய் வரத்து நின்றால் சில வாரங்களில் வண்டி நிற்கும். பேனல் வரத்து நின்றால் புதிதாகப் போடுவதுதான் நிற்கும், கூரையில் ஏற்கெனவே இருப்பது இருபத்தைந்து வருஷம் ஓடும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களோடு நான் சண்டை போடுவேன்.

கேள்வி (சமூகப் பணியில் இருப்பவர்): உலகில் 70 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் இல்லை என்கிறார்கள். அவர்கள் வாழும் இடத்தில் வளம் இல்லாததுதான் காரணமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காங்கோ ஆற்றைப் பாருங்கள். நீரின் அளவில் அமேசானுக்கு அடுத்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடப்பதால், ஒரு பக்கம் மழை ஓய்ந்தால் மறுபக்கம் தொடங்கும். வருஷம் முழுக்க ஆறு இளைக்காது. கடலில் கலக்கும் முன் இங்கா என்ற இடத்தில் சரிந்து விழுகிறது. 40,000 மெகாவாட் எடுக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1972-இலும் 1982-இலும் திறந்த இரண்டு நிலையங்களும் சேர்ந்து 1,775 மெகாவாட்தான். காங்கோ மக்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின் இணைப்பு.

அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு எங்கே போனது? 1980களின் தொடக்கத்தில் இங்காவிலிருந்து கொல்வேசி வரை 1,700 கி.மீ. நேர்மின்னோட்ட லைன் போட்டார்கள். மறுமுனையில் கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்கள். 1960-இல் தனிநாடு கேட்ட பகுதி அது. அதன் சுவிட்ச் நம் கையில் இருக்கட்டும் என்று மத்திய அரசு நினைத்ததாகவும் சொல்வார்கள். கம்பி காடு, மேடு, கிராமம் எல்லாவற்றின் தலைக்கு மேலும் போகிறது. கீழே இருக்கும் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்கு.

அதே நபர்: நடுவில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து எடுத்துக் கொடுக்க முடியாதா?

பதில்: மாறுமின்னோட்ட லைன் என்றால் துணைமின் நிலையம் போட்டு எடுக்கலாம். நேர்மின்னோட்டத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. ஒவ்வொரு இறங்குமிடத்திலும் பெரிய மாற்றி நிலையம் வேண்டும். சில நூறு கிலோவாட் கேட்கும் கிராமத்துக்காக அதை யாரும் கட்ட மாட்டார்கள். தொலைதூரத்துக்குச் சிக்கனம் என்று தேர்ந்தெடுத்த அதே முறை, வழியில் இருப்பவர்களை விலக்கிவிட்டது.

இன்று அங்கே நடைமுறையில் சாத்தியம், வீட்டுக்கு வீடு சின்ன பேனலும் பேட்டரியும். நாலு எல்.ஈ.டி. விளக்கு, செல்போன் சார்ஜ். மாவு மில்லுக்கும் வெல்டிங் பட்டறைக்கும் அது காணாது. அதற்கு ஊருக்கென்று தனி மின்வலை வேண்டும்: கொஞ்சம் பெரிய சோலார் களம், பேட்டரி, தெருவுக்குத் தெரு கம்பம். உங்கள் அமைப்பு அப்படி ஏதாவது தொடங்கினால், பேனல் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் அந்த ஊரில் பகலில் மோட்டார் ஓட்டப்போகிறவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.