பூசணிக்கா, தாமரை, ராட்சசர்கள்: மாந்தோவா பத்தி வாசகர் கேள்வி பதில்

சார், வர்ற மே மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் இத்தாலி போலாம்னு இருக்கோம். கேட்டவங்க எல்லாம் ரோம், வெனிஸ், பைசா கோபுரம்னே சொல்றாங்க. கூட்டத்துல இடிபடாம நல்ல சாப்பாடு, ஓவியம், ஏரி எல்லாம் ஒரே ஊர்ல கிடைக்குமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

கிடைக்கும்ங்க, மாந்தோவா போங்க. வடக்கு இத்தாலியில லொம்பார்தி மாநிலத்தோட தென்கிழக்கு மூலையில இருக்கிற மாகாணம் அது, தலைநகரத்துக்கும் அதே பேருதான். வெரோனாவுல இருந்து ரயில்ல முக்கா மணி நேரம் கூட குறைய ஆகும், மிலான்ல இருந்து வந்தா ரெண்டு மணி நேரம். மின்சியோ ஆத்தைத் தடுத்து 12-ம் நூற்றாண்டுலயே ஏரி ஏரியா ஆக்கிட்டாங்க, அதனால ஊரை மூணு பக்கம் தண்ணி சூழ்ந்திருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாலத்து வழியா உள்ள வரும்போது கோட்டையும் கோபுரமும் தண்ணிக்கு மேல தெரியும் பாருங்க, போட்டோ எடுக்காம யாரும் தாண்ட மாட்டாங்க.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். அங்க பெரிய ஏரியில நம்ம இந்தியத் தாமரை இருக்கு, 1921-ல கொண்டுவந்து போட்டது, இப்ப வெட்டிக் கட்டுப்படுத்துற அளவுக்குப் படர்ந்து கிடக்கு. ஆனா பூக்கிறது ஜூலை ஆகஸ்ட்ல. நீங்க போற மே மாசத்துல பூ பாக்க முடியாது. அதுக்காக ஜூலைக்கு மாத்தலாம்னு நினைச்சீங்கன்னா, அது சமவெளி, சுத்தி நெல் வயல், புழுக்கம் பிழிஞ்சு எடுத்துடும், கொசுவும் உண்டு, ஓடோமாஸ் பையில இருக்கட்டும். என்னைக் கேட்டா மே மாசமே போங்கம்பேன், தாமரையை நம்ம ஊர்லயே பாத்துக்கலாம்.

எங்க மாமியார் முட்டை கூட தொட மாட்டாங்க. நாங்க நாலு பேரும் போறோம். அங்க போய் பிரெட்டும் ஜாமும் தானா?
- வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

அம்மா, இது கொஞ்சம் கஷ்டமான கேள்வி, மழுப்பாம சொல்லிடறேன். மாந்தோவாவோட பேர் போன ஐட்டமே பூசணிக்கா வச்ச பாஸ்தா, தொர்தெல்லி தி சூக்கான்னு கேக்கணும். மெல்லிசா இட்ட மாவுக்குள்ள வெந்த பூசணிக்கா, அமரெத்தின்னு ஒரு பாதாம் பிஸ்கட்டைப் பொடிச்சது, துருவின சீஸ், ஜாதிக்கா, கூடவே மொஸ்தார்தா, அதாவது பழத்தைச் சர்க்கரைப் பாகுல ஊறவச்சு கடுகு எசன்ஸ் விட்டது, இது எல்லாத்தையும் பிசைஞ்சு அடைச்சு வேகவச்சு உருக்கின வெண்ணெய், சேஜ் இலையோட தட்டுல வைப்பாங்க. முதல் வாய் இனிக்கும், அப்புறம் கடுகு காரம் மூக்குல ஏறும். பாதிப் பேருக்குப் பிடிக்காது, பிடிச்சவங்க ராத்திரிக்கும் அதையே கேப்பாங்க. கறி சாப்பிடாத கிறிஸ்துமஸ் முந்தின நாள் ராத்திரிக்குன்னே அங்க செய்யற பலகாரம் இது.

கறி இல்ல, சரி. ஆனா மாவுல முட்டை இருக்கு, அமரெத்தியில வெள்ளைக்கரு இருக்கு, அந்த சீஸ் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் போட்டு உறைய வச்சது. போ-ங்கிற ஆத்துக்குத் தெக்க பார்மிஜானோ, வடக்க கிரானா பதானோ, ரெண்டுமே அப்படித்தான். அதனால மாமியாருக்குத் தக்காளி சாஸ் போட்ட காஞ்ச பாஸ்தா, சீஸ் வேண்டாம்னு சொல்லி வாங்குங்க, பொலெந்தான்னு மக்காச்சோளக் களி கிடைக்கும், அதுலயும் வெண்ணெய் சீஸ் கலந்திருக்கான்னு கேட்டுக்குங்க. ரிசொத்தோ அல்லா பிலோதான்னு மெனுவுல பாத்து வெறும் அரிசிதானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, அதுல பன்னிக்கறி கொத்தி போட்டிருப்பாங்க. அசினோன்னு எழுதியிருந்தா கழுதைக்கறி. நான் விளையாட்டுக்குச் சொல்லல, அது அங்க பழைய கால விசேஷ சமையல்.

இன்னொண்ணு, மத்தியானம் ரெண்டரை வாக்குல பல ஓட்டல்ல அடுப்பை அணைச்சுடுவாங்க, திரும்ப ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான். மாத்திரை போடறவங்க இருந்தா பையில புளியோதரை இல்லாம வெளிய போகாதீங்க.

அண்ணா, நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறேன். ஒரே ஒரு நாள்தான் டைம் இருக்கு. எதை விடக்கூடாது?
- மாணவர், ஆத்தூர்

தம்பி, 1328-ல இருந்து 1700-கள் தொடக்கம் வரைக்கும் கொன்சாகா குடும்பம் அந்த ஊரை ஆண்டுச்சு, காசைக் கொட்டி ஓவியர்களைக் கூப்பிட்டு வச்சாங்க. அவங்க அரண்மனையில 500 அறைக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் பாக்கணும்னு கிளம்பினா கால் வலிதான் மிச்சம். நேரா கமெரா தெலி ஸ்போசிக்கு, அதாவது மணமக்கள் அறைக்குப் போ. ஓவியர் மாந்தேன்யா 1465-ல ஆரம்பிச்சு 1474-ல முடிச்ச அறை. சுவர்ல குடும்பமே உக்காந்திருக்கு, பிரபு நாற்காலிக்கு அடியில நாய் படுத்திருக்கு, அதெல்லாம் அப்புறம் பாரு, முதல்ல தலையைத் தூக்கு. கூரை நடுவுல வட்டமா ஓட்டை போட்டு ஆகாசம் தெரியற மாதிரி வரைஞ்சிருக்கார், அந்த விளிம்புல சாஞ்சு பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டு நம்மளை எட்டிப் பாக்குறாங்க, ஒரு மயில், கைப்பிடிக்கு வெளிய குண்டிய காட்டிட்டு நிக்கிற குட்டித் தேவதைங்க, ஒரு கட்டை மேல செடித் தொட்டி, அந்தக் கட்டை உருண்டா தொட்டி நம்ம தலையிலதான். வெறும் கூரைக்குக் கீழ நிக்கிறோம்னு தெரிஞ்சும் ஒரு அடி தள்ளி நிக்கத் தோணும். உள்ள ஒரு நேரத்துக்குக் கொஞ்ச பேரைத்தான் விடுவாங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போ, திங்கட்கிழமை அரண்மனை லீவு.

அடுத்து பலாஸ்ஸோ தே, அதே குடும்பத்தோட இன்னொரு அரண்மனை. ஜூலியோ ரொமானோ கட்டினது, அதுல ராட்சசர் அறைன்னு ஒண்ணு. சுவர் எங்க முடிஞ்சு கூரை எங்க தொடங்குதுன்னே தெரியாம ஒரே படமா போகும், மேல இருந்து ரோமானியக் கடவுள் ஜூபிடர் இடியை வீச, தூணும் பாறையும் ராட்சசனுங்க மேல சரியுது, ஒருத்தன் கண்ணு பிதுங்கி நிக்கிறான். சில பேர் இது ஓவர்னு மூஞ்சி சுளிப்பாங்க, எனக்கு அந்த ஓவர்தான் பிடிச்சது. ஒரு மூலையில மெதுவா பேசினா எதிர் மூலையில கேக்கும், கூட்டம் இல்லாதப்ப ஃப்ரெண்டோட பேசிப் பாரு.

ஏற்காட்டுலயே இருந்து பழகினவங்க நாங்க, சமவெளி போரடிக்கும். மலை கிலை ஏதாவது உண்டா? கோயில்களும் பாக்கணும்.
- வாசகி, ஏற்காடு

சேர்வராயன் மலை மாதிரி எதிர்பாக்காதீங்க, இருபது கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. மாகாணத்தோட வடக்குல கார்தா ஏரி பக்கம் குட்டிக் குட்டி மேடுங்க இருக்கு, திராட்சைத் தோட்டம், பழைய கிராமம்னு அழகா இருக்கும். அங்கதான் சொல்ஃபெரினோ. 1859 ஜூன் 24-ல பிரான்ஸும் சார்தீனியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா ஒரு பக்கம்னு பெரிய சண்டை, அடிபட்டவங்க கேட்பாரில்லாம கிடந்ததைப் பாத்த சுவிஸ் வியாபாரி ஆன்ரி துய்னாந்த் மனசுல உதிச்சதுதான் செஞ்சிலுவைச் சங்கம். அவர் காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போட்ட ஊர் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, இப்ப செஞ்சிலுவை மியூசியம் இருக்கு. நீங்க கேட்ட கோயிலும் அதே ஊர்லதான்: நம்ம பக்கம் ஞானப்பிரகாசியார்னு கும்பிடற புனித அலோசியஸ் 1568-ல அந்த ஊர்லதான் பிறந்தார், அதே கொன்சாகா வம்சம், சொத்து பட்டம் எல்லாத்தையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துட்டு ரோம்ல கொள்ளை நோய்க்காரங்களைத் தூக்கிச் சுமந்து 23 வயசுல போய்ச் சேர்ந்தவர். ஏற்காட்டுல இருந்து போறவங்க அவர் பேர்ல இருக்கிற அந்தக் கோயிலை விட்டுட்டு வரக்கூடாது.

விசா எப்படிங்க? சொந்தக்காரங்களுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

ஷெங்கன் விசா, பெரியவங்களுக்கு 90 யூரோ, சென்டர் சார்ஜ் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம், ரேகை வைக்க நேர்ல போகணும். ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், ஸ்லாட் கிடைக்கிறதுதான் பாடு, டிக்கெட்டைப் பிறகு பாத்துக்கலாம்னு சொல்றவங்க இதையும் பிறகு பாத்துட்டுத்தான் மாட்டிக்கிறாங்க.

வாங்கிட்டு வர ஸ்பிரிசொலோனா. மக்காச்சோள மாவு, பாதாம், சர்க்கரை, வெண்ணெய் போட்டு சுட்ட கேக்குன்னு பேரு, கத்தி போட்டா நொறுங்கிடும், கடலை மிட்டாய் மாதிரி கையால உடைச்சுத்தான் தின்னணும். சில கடையில பன்னிக்கொழுப்பு சேர்ப்பாங்க, லேபிள்ல ஸ்த்ருத்தோன்னு இருந்தா அதுதான், சைவக்காரங்களுக்குக் கொடுக்கிறதா இருந்தா பாத்து எடுங்க. மொஸ்தார்தா பாட்டிலை செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில வச்சா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க.