‘செம குத்து’ என்று எழுதிவிட்டோம்

கேள்வி: அக்கா, நான் 1971இல் பிறந்தவள். சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் இருக்கிறேன். ஆளுக்கொரு உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும் தமிழ் வகுப்புக்காக உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய் அங்கே சிநேகிதமானவர்கள் நாங்கள், ஒன்பது பேர். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 2020இல் கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டத்தின்போது எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தோம் இல்லையா, அப்போது ஊரெல்லாம் சுற்றிய ‘30 நாள் பாட்டுச் சவாலை’ நாங்களும் ஆடினோம். நாளுக்கொரு தலைப்பு, ஆளுக்கொரு பாட்டு. நன்றாகப் போனது. இந்த ஆண்டு மறுபடியும் தொடங்கினேன். காலை ஏழு மணிக்குத் தலைப்பைப் போடுவது என் வேலை.

பதினேழாம் நாள் தலைப்பு, ‘நம்மைவிட்டுப் போன ஒருவரை நினைவூட்டும் பாட்டு’. எங்களில் ஒருத்தி ஒரு குத்துப் பாட்டின் இணைப்பை மட்டும் அனுப்பினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை போல என்று நினைத்து, ‘செம குத்து!’ என்று நான்தான் முதலில் எழுதினேன். பின்னாலேயே ஆடுகிற பொம்மைகளாக வந்து விழுந்தன. அன்று இரவே அவள் குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள். போன ஆண்டு அவள் தம்பி தவறிப்போனது எங்களுக்குத் தெரியும், எல்லாரும் துக்கத்துக்குப் போயிருந்தோம். தன் கல்யாண விருந்தில் அவன் ஆடியது அந்தப் பாட்டுக்குத்தான் என்பது மட்டும் தெரியாது.

அவளை எப்படித் திரும்ப அழைப்பது? இந்த விளையாட்டையே நிறுத்திவிடட்டுமா? ஏற்கெனவே பாதிப் பேர் பாட்டைக் கேட்பதில்லை, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னும் இரண்டு பேருக்கு எந்தத் தலைப்பு வந்தாலும் ராஜாவா ரஹ்மானா என்ற சண்டைதான். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அவளுக்குப் போன் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம், வாயால் பேசுங்கள். அவளிடம் கேட்காமல் குழுவில் மறுபடியும் சேர்த்துவிடாதீர்கள். எட்டுப் பேர் முன்னால் அழுதுவிட்டு எழுந்து போனவளைக் கையைப் பிடித்து அதே நாற்காலியில் உட்காரவைப்பது போல இருக்கும். குழுவில் பொதுவாக ஒரு மன்னிப்பு எழுதிப் போடுவதும் வேண்டாம். அதற்கும் ஆறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள்.

போன் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாட்டை முழுவதும் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் அதைத் திறந்திருக்க மாட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தெரிந்த பாட்டுக்கு நேரும் கதி அது. முதல் வரியைப் பார்த்ததும் ‘ஓ, இதுவா’ என்று விரல் தானாக அடுத்ததற்குப் போய்விடும். இப்போது கேளுங்கள். எந்த இடத்தில் தம்பி கையைத் தூக்கியிருப்பான், எந்த இடத்தில் அக்காவையும் இழுத்துவிட்டிருப்பான் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். பிறகு பேசும்போது ஒரே ஒரு தடவை ‘தப்புப் பண்ணிட்டேன்டி’ என்று சொன்னால் போதும். பத்துத் தடவை சொன்னால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவள் தலையில் விழும். அதன்பின் தம்பியைப் பற்றிக் கேளுங்கள். நன்றாக ஆடுவானா, சும்மா குதிப்பானா? அந்தப் பாட்டைப் போடச் சொன்னது யார்? செத்துப்போனவரைப் பற்றி நாலு பேர் கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள்தான் அதிகம். நாம்தான் மனசு நோகுமே என்று பேச்சை மாற்றிவிடுகிறோம்.

நீங்கள் கொடுத்த தலைப்பில் தப்பில்லை. சோகம் என்றால் ஷெனாய் அழ வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. ஊர்ப்பக்கம் நிறைய வயதாகி ஒருவர் போனால் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். மேளம் அடித்து, ஆடியே வழியனுப்புவார்கள். தம்பிக்கு அந்த வயதில்லை, அந்தக் கொடுப்பினையும் இல்லை. அக்கா தன் பங்குக்கு ஒரு குத்துப் பாட்டைப் போட்டிருக்கிறாள். தலைப்பைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

இதை விளையாட்டு என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் அசந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே எழுத்துதான் கணக்கு. ‘க’ வந்தால் ‘க’வில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், தெரியாவிட்டால் மணி அடிக்கும். தோற்றாலும் யாருக்கும் மனசு நோகாது. ஏனென்றால் அது உங்கள் ஞாபகத்தைத்தான் கேட்கிறது. ‘உனக்கு யாரை நினைவூட்டுகிறது?’ என்று கேட்டுவிட்டால் அது வேறு கேள்வி. அதைக் காலை ஏழு மணிக்கு, பாதிப் பேர் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டால் இப்படித்தான் ஆகும். அந்த மாதிரித் தலைப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை இரவு, சமையல்கட்டை ஒழித்த பிறகு போடுங்கள். போடும்போது உங்கள் பாட்டையும் கதையையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் முதலில் கொடுக்க வேண்டாமா?

பாட்டோடு இரண்டு வரி எழுத வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள். மற்ற விதிகள் இருந்தாலும் சரி, போனாலும் சரி.

எங்கள் வீடு குவீன்ஸ்டவுனில் இருந்த காலத்தில் வானொலியில் நேயர் விருப்பம் வரும். ‘இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள்’ என்று அறிவிப்பாளர் பெயர்களை வாசிப்பார். ஒரு குடும்பத்தில் தாத்தாவிலிருந்து கைப்பிள்ளை வரைக்கும் வாசிப்பார். மண்ணெண்ணெய் அடுப்பின் இரைச்சலில் பெயர் காதில் விழாமல் போய்விடும் என்று அம்மா அடுப்பைத் தணிப்பார். பெயர்கள் முடிந்து பாட்டுத் தொடங்கியதும் மறுபடியும் அடுப்பைக் கூட்டிவிடுவார்! ஒரு நாள் செம்பவாங்கிலிருந்த சித்தி எங்கள் எல்லாருக்குமாக ஒரு பாட்டுக் கேட்டிருந்தார். அறிவிப்பாளர் என் பெயரைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. என்ன பாட்டு என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சித்தியைக் கேட்டேன், அவருக்கும் நினைவில்லை.

உங்கள் குழுவில் பாட்டு வருகிறது, பெயர் வரவில்லை. யாருக்காக, எந்த வீட்டில், எந்த வயதில் கேட்டது என்று ஒருவரும் எழுதுவதில்லை. ‘தம்பி கல்யாணத்தில் ஆடியது’ என்று அவள் நாலு வார்த்தை எழுதியிருந்தால் ஒரு பொம்மைகூட ஆடியிருக்காது. எழுத முடியாமல்தான் வெறும் இணைப்பாக அனுப்பினாள் என்பதும் புரிகிறது. அந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் ‘இது ஏன் இந்தப் பாட்டு?’ என்று கேட்டுவிட வேண்டும். அதற்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். இணைப்பை மட்டும் போட்டால் ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர் அனுப்பியது யூடியூப் மட்டும் பார்ப்பவருக்குச் சரியாகத் திறக்காது. பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் மூன்றையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து பாட்டுச் சேர்க்கிற மாதிரி ஸ்பாட்டிஃபையில் ஒரு பட்டியல் போட முடியும், செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பாட்டுதான் இருக்கும், கதை இருக்காது. அதனால் குழுவை அதற்கு மாற்றிவிடாதீர்கள்.

பாதிப் பேர் கேட்பதில்லை என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர், ஒரு பாட்டு ஐந்து நிமிடம் என்றால் 45 நிமிடம். உட்லண்ட்ஸில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குகிற நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். தினமும் இதைச் செய்ய யாரால் முடியும்? 2020இல் முடிந்ததென்றால் அப்போது ஏப்ரல் 7இலிருந்து ஜூன் 1 வரை போக இடம் இல்லை. இப்போது ஒருத்திக்குப் பேரப்பிள்ளை இருக்கும், ஒருத்தி மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கொண்டிருப்பாள். வாரத்துக்கு ஒரு தலைப்பு போதும். ஏழு நாளில் ஒன்பது பாட்டு என்றால் பாத்திரம் கழுவும் நேரத்திலேயே கேட்டுவிடலாம். கேட்காதவர்கள் கட்டைவிரலும் காட்ட வேண்டாம், சும்மா இருந்துவிடட்டும்.

அந்த 30 நாள் சவாலின் ஆங்கிலத் தலைப்புப் பட்டியலையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். அதில் ‘கோடைகாலத்தை நினைவூட்டும் பாட்டு’ என்று ஒன்று வரும். நமக்கு ஏது கோடை? ஆண்டு முழுக்க வியர்வை, ஆண்டுக் கடைசியில் மழை. ‘டிசம்பர் மழையில் துணி காயாத வீட்டில் கேட்ட பாட்டு’ என்று மாற்றிப் பாருங்கள், ஒன்பது பேரும் எழுதுவார்கள். ‘பிறந்த ஆண்டில் வந்த பாட்டு’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் எல்லாரும் 1971ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். இளையராஜாவின் முதல் படம் 1976இல், ரஹ்மானின் முதல் படம் 1992இல். அந்த வாரம் எம். எஸ். விஸ்வநாதனிடமும் கே. வி. மகாதேவனிடமும் போய்த்தான் நிற்க வேண்டும். உங்கள் இரண்டு வீராங்கனைகளுக்கும் ஒரு வாரம் ஓய்வு.

எனக்குப் பிடித்த தலைப்பு ஒன்று தருகிறேன்: ‘சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பாட்டு’. வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் தங்கள் வீட்டுப் பாட்டை மட்டும் கேட்டு வளரவில்லை. எங்களுக்கு இடப்பக்கம் பி. ரம்லியின் மலாய்ப் பாட்டு, வலப்பக்கம் தெரேசா தெங்கின் சீனப் பாட்டு. அர்த்தம் தெரியாது, ஆனால் மெட்டு முழுக்கத் தெரியும். இன்றைக்கும் ரம்லி பாட்டுக் கேட்டால் எனக்குச் சம்பல் வதங்கும் வாசனை வரும். பதிலுக்கு நம் பாட்டை அவர்கள் எவ்வளவு பொறுத்துக்கொண்டார்களோ! எஸ். ஜேசுதாசனின் தேசிய தினப் பாட்டான ‘முன்னேறு வாலிபா’வை ஒரு வார்த்தை புரியாமல் பள்ளியில் தொண்டை கிழியப் பாடிய சீன, மலாய்ச் சிநேகிதிகள் உங்களுக்கும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியை அந்த வாரம் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

‘நம்ம ஊர் வரும் பாட்டு’ என்று ஒரு வாரம் வைக்கலாம். 1978இல் வந்த ‘ப்ரியா’, அடுத்த ஆண்டு வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ இரண்டையும் இங்கே வந்து எடுத்தார்கள். நீங்கள் அப்போது ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பாதி பொய்யாகத்தான் இருக்கும், எழுதச் சொல்லுங்கள். நிறம் வரும் பாட்டு, எண் வரும் பாட்டு போன்றவற்றைக் களைத்துப்போன வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிக் களைக்காதீர்கள். ராத்திரி அவர் யூடியூபில் என்ன பாட்டுக் கேட்கிறார், எப்போது முதலில் கேட்டார் என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைக் கேட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரும் வெளியே வந்தது. அது வேறு கதை.

விளையாட்டை நிறுத்தலாமா என்று கேட்டீர்களே, அதை அவளிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தெக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போவீர்கள்தானே, அவளையும் வரச் சொல்லுங்கள். வாங்கி முடித்து, தே தாரே டீயோடு உட்கார்ந்ததும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். எட்டுப் பேர் பாட்டு அனுப்பாமல் கொஞ்ச நாள் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னால் அடுத்த வாரத் தலைப்பை அவளையே கொடுக்கச் சொல்லுங்கள். அவள் ஒருவேளை ‘கல்யாண வீட்டில் ஆடிய பாட்டு’ என்று கொடுக்கலாம். கொடுத்தால் இந்தத் தடவை ‘செம குத்து’ என்று தாராளமாக எழுதுங்கள். கூடவே, அன்றைக்கு நீங்கள் யாரோடு ஆடினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.