கழற்றுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்துவிட்டு சர்வீஸ் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். மதுரையில் ஒரு தனியார் பயிற்சி மையம் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், சர்க்யூட் போர்டிலுள்ள சிறு பாகங்களையே மாற்றுகிற சிப் லெவல் சர்வீஸ் மூன்றையும் ஆறு மாதத்தில் கற்றுத்தந்து வேலையும் வாங்கித்தருவதாகச் சொல்கிறது. அரசு ஐடிஐயில் ஓராண்டுப் படிப்பும் இருக்கிறதாம். எதில் சேரலாம்? எல்லாம் கிளவுடுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் போய்விட்ட காலத்தில் இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா? என் ஆங்கிலம் சுமார்தான், அது தடையாகுமா? பட்டம் வாங்கிவிட்டு ஸ்குரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகப்போகிறாயா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கழற்றி மாட்டுகிற வேலைதானே என்று எனக்கும் சில நேரம் தோன்றுகிறது. நீங்கள் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பதில் எழுத வேண்டிய கடிதங்கள் நிறையத் தேங்கிக் கிடக்கின்றன. வரிசையை மீறி உங்களுக்கு முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று அதைக் கடையில் கொடுத்திருந்தார். மாலையில் மடிக்கணினி வேகமாகத் திரும்பி வந்தது, மறைந்த கணவரின் படங்கள் திரும்பி வரவில்லை. கடையில் இருந்த இளைஞன் ஃபார்மட் போட்டிருந்தான். போய்க் கேட்டதற்கு, "ஸ்லோவா இருக்குன்னுதானே மேடம் சொன்னீங்க?" என்றானாம். அவனும் எங்கோ ஒரு மையத்தில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன்தான். அவனுக்கு அங்கே எதைக் கற்றுத்தந்தார்கள், எதைக் கற்றுத்தராமல் விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

சில கேள்விகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். எதிர்காலம் பற்றி நான் கவலைப்படவில்லை. கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கடுக்காக வைக்கப்பட்ட கணினிகள்தான். அங்கும் ஹார்ட் டிஸ்க் பழுதாகிறது, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எரிகிறது, ஓர் ஆள் போய் மாற்றுகிறார். தாலுகா அலுவலகத்திலும் ஸ்கேன் சென்டரிலும் பிரிண்டரில் காகிதம் சிக்குகிறவரை உங்களுக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, திரையில் தோன்றும் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை வாசிக்கத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற பலர் அதை வாசிக்காமலேயே மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உறவினர்களையும் விட்டுவிடுவோம். அவர்கள் வீட்டுக் கணினி கெட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் கழற்றி மாட்டுகிற வேலைதானே என்று உங்களுக்கே தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. இயற்பியல் படித்தவர் எழுதுகிற வரியா இது? ஓம் விதியையும் கிர்க்காஃப் விதிகளையும் மூன்றாண்டுகள் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதே விதிகள் ஒரு மேசைக்கு அடியில் தூசிக்கு நடுவே செயல்படும்போது மட்டும் கௌரவக் குறைச்சலாகிவிடுமா? கழற்றி மாட்டுவதற்குக் கால்மணி நேரம் போதும். அதற்கு முன்னால் எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒருவர் செலவிடுகிற நேரத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2003-இல் என் முதல் தொகுப்பு பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு கணினிகள், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு தமிழ் எழுத்துரு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு அச்சகங்களுக்குள் நுழையாத காலம் அது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டதால், தட்டச்சு செய்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். என் புத்தகம் இருந்த கணினி திடீர் திடீரென்று தானாக அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. பயிற்சி முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ஓர் இளைஞர் வந்தார், வைரஸ் என்றார், ஃபார்மட் போட்டார். முடிந்திருந்த இரண்டு பாரமும் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதியைப் பாரம் என்பார்கள்) நான் பார்த்துக்கொடுத்த மெய்ப்புத் திருத்தங்களும் அதோடு போயின. ஃபிளாப்பியில் ஒரு பழைய பிரதி இருந்தது, ஆனால் அதைத் திறக்க எழுத்துரு இல்லை. மறுநாள் காலையில் கணினி முன்போலவே அணைந்தது. அவர் மறுபடி வந்தார், மறுபடி ஃபார்மட் போட்டார்.

அதற்குப் பிறகு முதலாளி திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். ரேடியோ பழுதுபார்ப்பதில் தொடங்கி, டிவிக்கு வந்து, அதிலிருந்து கணினிக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வந்தவர் பையைத் திறக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கினார். எப்போதெல்லாம் அணைகிறது, எந்த வேலை நடக்கும்போது அணைகிறது, பக்கத்துக் கணினியும் சேர்ந்து அணைகிறதா, கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு இங்கே எதை மாற்றினீர்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனதால் அதை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்திருப்பதை முதலாளி அப்போதுதான் சொன்னார். முன்பு வந்த இளைஞர் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை. அண்ணாச்சி எழுந்து பின்கட்டை எட்டிப் பார்த்தார். "அந்தக் கட்டிங் மிஷினக் கொஞ்சம் ஓட்டச் சொல்லுங்க" என்றார். காகிதம் வெட்டும் இயந்திரத்தின் மோட்டார் கிளம்பியதும் விளக்கு ஒருமுறை மங்கியது, என் கணினி அணைந்து மறுபடி தொடங்கியது, பக்கத்துக் கணினி ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், லைனில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். இதைத் தாங்கும்படிதான் கணினியின் எஸ்எம்பிஎஸ் வடிவமைக்கப்படுகிறது. அதன் மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 16 மில்லிவினாடி வரை வெளியீட்டைச் சரியவிடாமல் பிடித்துவைத்திருக்கும். மின்தேக்கிகள் தளர்ந்துவிட்டால் அந்தப் பிடிமானம் போய்விடும். அண்ணாச்சி இந்த விளக்கம் எதையும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு கணினிகளின் எஸ்எம்பிஎஸ்ஸையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, வெட்டும் இயந்திரத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை பக்கத்துக் கணினி அணைந்தது, என்னுடையது தாக்குப்பிடித்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தன இரண்டு மின்தேக்கிகள். "கண்டென்சர் போயிட்டு. இதுக்கு எதுக்கு ரெண்டு தடவ அழிச்சாங்க?" என்று கேட்டார். தரம் குறைந்த மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் அந்த ஆண்டுகளில் உலகமெங்கும் கணினிகளைக் கெடுத்துக்கொண்டிருந்ததைப் பின்னால்தான் அறிந்தேன். அண்ணாச்சிக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. பழுது எந்தப் பாகத்தோடு சேர்ந்து இடம்பெயர்கிறது என்று பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, புகார், பார்த்தது, மாற்றியது என்று நாலு வரி எழுதிக்கொண்டார்.

போன இரண்டு பாரத்தையும் திரும்ப அடித்துவிட்டார்கள், அந்தக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இன்னும் ஆறாதது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற இந்தப் பழக்கத்தை ஒரு தொழிலின் முதல் பாடமாக வைத்திருக்கிறார்களே, அதன் மேல் உள்ள கோபம். ஃபார்மட் போட்டவுடன் வாடிக்கையாளரின் கோப்புகளோடு பழுதின் தடயங்களும் அழிகின்றன. சில நேரம் கணினி உண்மையாகவே சரியாகிவிடும். அப்போது இன்னும் மோசம், ஏனென்றால் ஏன் சரியானது என்று போட்டவருக்கே தெரியாது, அடுத்த முறையும் அதையேதான் செய்வார். ஒரு கணினி மெதுவாக ஓடுவதற்குக் காரணங்கள் பல. விசிறியில் தூசி அடைத்துப் பிராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம். ரேம் போதாமல் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் செக்டார் எனப்படும் பதிவிடங்கள் சில பழுதாகி, அவற்றைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கலாம். இவற்றில் எதற்கும் ஃபார்மட் மருந்தில்லை. மூன்றாவது காரணமாக இருந்தால் அந்த ஹார்ட் டிஸ்க்கே உங்களிடம் சொல்லும். ஸ்மார்ட் என்ற கண்காணிப்பு வசதி அதற்குள் இருக்கிறது, எத்தனை செக்டார் மாற்றப்பட்டன, எத்தனை படிக்க முடியாமல் காத்திருக்கின்றன என்ற கணக்கை இலவச மென்பொருள் ஒன்றால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த எண்கள் ஏறியிருந்தால் முதல் வேலை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. சாகிற நிலையில் உள்ள டிஸ்க்கின் மேல் புதிதாக விண்டோஸ் பதிகிறவர், மீட்கக்கூடியதாக இருந்ததையும் தன் கையாலேயே மூடுகிறார்.

முன்பு ஃபார்மட்டுக்குக் கொஞ்சம் மன்னிப்பு இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் போட்டால் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை மட்டும்தான் அழியும், மேலே எதுவும் எழுதாமலிருந்தால் மீட்பு மென்பொருள் பெரும்பாலானவற்றைத் திருப்பித் தந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வருகிற எஸ்எஸ்டிகளில் டிரிம் என்ற கட்டளை அழித்த இடங்களை உடனே காலி என்று அறிவித்துவிடுகிறது, அதற்குப் பிறகு மீட்பது அநேகமாக நடக்காது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல், கோப்புகளைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கிறது. கணினியின் முதன்மைச் சர்க்யூட் பலகையான மதர்போர்டை மாற்றினால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அந்த எண் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைக்காதவர் அந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கருவிகள் மாறிவிட்டன. ஃபார்மட் போட்டு விண்டோஸ் பதிவதற்கென்று கடைகளில் தயாராக வைத்திருக்கும் பென் டிரைவ் மாறவில்லை.

இதில் வாடிக்கையாளர்களையும் திட்ட வேண்டும். ஒரு மணி நேரம் யோசித்துப் பழுதைக் கண்டுபிடித்தவருக்குப் பணம் கொடுக்க நமக்கு மனம் வராது. "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?" என்று கேட்போம். ஃபார்மட் போட்டால் புதிய திரை தெரியும், பணம் கைமாறும். அந்தக் கடை இளைஞனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. அவனை மையத்தில் பயிற்றியவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஏ பிளஸ் என்று 1993 முதல் நடந்துவரும் ஒரு சர்வதேசத் தேர்வை இந்த மையங்களின் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பாடத்திட்டத்தில் பழுதறியும் முறை ஆறு படிகளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பயன்படுத்துபவரை விசாரிப்பதும், எதையும் மாற்றுவதற்கு முன் நகல் எடுப்பது பற்றி யோசிப்பதும் முதல் படியிலேயே வருகின்றன. பிறகு ஓர் ஊகம், அதைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, முழுவதும் இயங்குகிறதா என்று பார்ப்பது, கடைசியாக எழுதிவைப்பது. பாடத்திட்டத்தைக் கண்ணால் பார்க்காத அண்ணாச்சி ஆறையும் செய்தார், பள்ளிக்கூட நோட்டு உட்பட. பலகையில் பெயர் எழுதியவர்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

எதில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். அரசு ஐடிஐகளில் கணினி ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு உண்டு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, அருகில் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். பட்டதாரி பத்தாம் வகுப்புத் தகுதிப் படிப்பில் சேர்வதா என்று மறுபடியும் உறவினர்களை இழுக்காதீர்கள். மதுரை மையத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான். கையில் சால்டரிங் அயர்ன் பிடித்திராதவருக்கு மூன்று பாடத்தையும், அதில் சிப் லெவலையும் சேர்த்து, ஆறு மாதத்தில் தருகிறேன் என்பவர் எதையோ கழித்துவிட்டுத்தான் தருவார். அங்கே சேர்வதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். மேசை மேல் பழுதான கணினிகள் இருக்கின்றனவா, அல்லது நல்ல கணினியைப் பிரித்துப் பிரித்துத் திரும்ப மாட்டுகிறார்களா என்று பாருங்கள்.

சேர்வதற்குள் சும்மா இருக்காதீர்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். காயலான் கடையில் எடைக்குப் போகிற பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிவாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலேயே அது இயங்கும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வருகிறதா, ஐந்து சதவீத வரம்புக்குள் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு கணினியோடு இணைத்து, வேலை ஏற்றி, அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். சுமை இல்லாதபோது நல்லவனாக நின்ற எஸ்எம்பிஎஸ் சுமை ஏறியதும் சரிவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், நான் இவ்வளவு நேரம் எழுதியது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் அதன் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக (டிசி) மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் கொஞ்ச நேரம் அது தங்கியிருக்கும். அதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும் நாள் வரை காத்திருங்கள்.

ஒரு நோட்டும் வாங்குங்கள். அடுத்த கடிதத்தில் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்த முதல் பழுதைப் பற்றி, என்ன கேட்டீர்கள், எதை அளந்தீர்கள், எந்த ஊகம் தப்பாகப் போனது என்பதோடு எழுதுங்கள். அதையும் வரிசையை மீறிப் படிப்பேன்.

அன்புடன்.