முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள்

கேள்வி: கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவன் நான். முங்குவதற்கு முன் முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவேன். விரல் நுனி மரத்து, தலை லேசாகக் கிறுகிறுக்கும். ஆக்சிஜன் ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதன்பிறகு தண்ணீருக்கடியில் கூடுதல் நேரம் நிற்க முடிகிறது. சனி, ஞாயிறுகளில் ஊர்க் குளத்தில் பையன்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆபத்து என்று ஓர் ஆசிரியர் சண்டைக்கு வருகிறார். மூச்சு நம் கையில்தானே இருக்கிறது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குளச்சல்

பதில்: அந்த ஆசிரியர் சொல்வதுதான் சரி. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் செய்வதையும் நிறுத்துங்கள். கூடுதல் நேரம் நிற்க முடிகிறது என்பது உண்மைதான். ஏன் முடிகிறது என்பதில்தான் உங்கள் கணக்கு தப்பு.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் தமனி ரத்தத்தில், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை ஓடவிட்டால் தண்ணீர் வழியுமே தவிர, தொட்டியில் கூடாது. நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் சிறிது கூடும். கை கால் போட்டு நீந்துகிற உடம்பு அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். உங்கள் முப்பது மூச்சில் பெரிதாக மாறுவது வேறொன்று. ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடை ஊதி வெளியே தள்ளிவிடுகிறீர்கள்.

கழிவுதானே, போகட்டும் என்பீர்கள். அந்தக் கழிவை வைத்துத்தான் உடம்பு மூச்சை நடத்துகிறது. மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்தில் முகுளம் இருக்கிறது. நாம் தூங்கினாலும் விழித்தாலும் மூச்சின் தாளம் அங்கே பிறக்கிறது. முகுளம் முக்கியமாகக் கவனிப்பது ஆக்சிஜனை அல்ல, கார்பன் டை ஆக்சைடை. அது ரத்தத்தில் கூடினால் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் அமிலத்தன்மை ஏறும். உடனே மூச்சை இழுக்கச் சொல்லி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்துக்கு உத்தரவு போகும். நெஞ்சு முட்டி, தொண்டை துடித்து, உங்களை மேலே விரட்டுகிறதே, அது இந்த உத்தரவுதான். 1905-இலேயே ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சோதனைகளால் காட்டிவிட்டார்கள்.

ஆக்சிஜனைப் பார்க்கவும் ஆள் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில், இரு பக்கமும் ஒவ்வொரு சிறு உணர்வுறுப்பு இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த விஞ்ஞானி ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் வெகுவாக இறங்கிய பிறகுதான் அது உரக்கக் குரல் கொடுக்கும். கார்பன் டை ஆக்சைடும் குறைந்து கிடந்தால் அந்தக் குரலும் எடுபடாது.

அந்தக் கிறுகிறுப்பையும் நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மூளைக்கு ரத்தம் குறைகிறது என்பதற்குத்தான் அது அடையாளம்.

அப்புறம் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது? ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகிறது. மேலே வரச் சொல்லும் தவிப்பு மட்டும் வரவில்லை, ஏனென்றால் அதைக் கிளப்பும் பொருளை நீங்களே ஊதித் தள்ளிவிட்டீர்கள். ‘இன்னும் கொஞ்சம் நிற்கலாம்’ என்று தோன்றும்போதே விளக்கை அணைத்ததுபோல் நினைவு போய்விடும். கடலில் இன்னொரு கண்ணியும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கும்வரை குறைந்த ஆக்சிஜனும் சமாளிக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் விழும், ஆக்சிஜனும் சட்டென்று போதாமல் போகும். தலை வெளியே வர இரண்டு கை நீச்சல் பாக்கி இருக்கும்போது மயங்குவது அதனால்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் சாகிறார்கள்.

மூச்சு நம் கையில் என்றீர்கள். பேச, பாட, முங்க, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உடம்பு அதை நம்மிடம் தருகிறது. நினைவு போனதும் முகுளம் தன் வேலையைத் தொடரும். தண்ணீருக்குள் கிடக்கிறோம் என்று அது பார்க்காது, மூச்சை இழுத்துவிடும்.

சிறு வயதில் நாஞ்சில் நாட்டில் எங்கள் ஊர்க் குளத்தில் முங்குபந்தயம் வைப்போம். ஒருநாள் முங்கினவன் நூறு எண்ணியும் வரவில்லை. ஜெயித்துவிட்டான் என்று கைதட்டினோம். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் பாய்ந்து போய் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அவன் பிழைத்துவிட்டான். நாங்கள் தட்டிய கைதட்டல் மட்டும் இன்றும் என்னை விடுவதில்லை.

உங்களுக்குக் கடல் தொழில். முங்காதே என்று நான் சொல்ல முடியாது. இயல்பாக மூச்சு விட்டு, ஒரே ஒரு மூச்சை ஆழமாக இழுத்து இறங்குங்கள். முட்டல் வந்தால் அடுத்த சிப்பியை விட்டுவிட்டு ஏறுங்கள். முங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே இளைப்பாறுங்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் மேலே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயங்கியவரைத் தூக்கியதும், மூச்சு இல்லையென்றால், உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சையும் அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பையன்களிடம் அந்த ஆசிரியர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் எடுபடும். கடலுக்குள் போய் வருகிற ஆள் நீங்கள். வருகிற சனிக்கிழமை குளத்தங்கரையில், அவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே, ‘நான் சொல்லிக்கொடுத்தது தப்பு’ என்று சொல்லிவிடுங்கள்.