ஜப்பானிய அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற ஓவியங்கள் ஏன் எப்போதும் காட்சிக்கு இருப்பதில்லை?

முக்கியக் காரணம் வெளிச்சம். பட்டிலும் காகிதத்திலும் தீட்டியவை அதில் மங்கி நைந்துபோகும். அதனால் தேசியப் பொக்கிஷங்கள் என்று அரசு அறிவித்த இத்தகைய படைப்புகளைப் பொதுவாக ஆண்டுக்கு 60 நாளுக்கு மேல் வெளியே வைப்பதில்லை. மற்ற நாட்களில் வேறு கண்காட்சிகள் நடக்கும்.

டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தையே பாருங்கள். ஓவியர் ஒகாட்டா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஐரிஸ் மலர்த் திரைகள் அங்கே இருக்கின்றன: ஆறு மடிப்புப் பலகைகள் கொண்ட இரண்டு திரைகள், தங்கப் பின்னணியில் கொத்துக் கொத்தாய் அடர்நீலப் பூக்கள், பச்சை இலைகள். நதி, பாலம், மனிதர் எதுவும் இல்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அவற்றை வைப்பார்கள். தோட்டத்துக் குளத்திலும் அதே மலர் பூக்கும் பருவம் அது! திரையைப் பார்த்த கையோடு குளக்கரைக்கு இறங்கிவிடுங்கள். பயணத்துக்கு முன் அந்த ஆண்டின் கண்காட்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.