கஞ்சிக்கோடு ஐடிஐ-ல சீட்டு கிடைக்குமா? (பாலிடெக்னிக் கேள்வி-பதில்)

ரிசல்ட் வந்த கையோட கேள்வியா வந்து குவிஞ்சிருக்கு. பாதிப்பேரு எந்த ஊரு, எவ்ளோ மார்க், பத்தாவதா பன்னெண்டாவதா எதுவுமே சொல்லாம "நல்ல கோர்ஸ் சொல்லுங்க சார்"னு ஒரு வரி அனுப்பியிருக்கீங்க. நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? அதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு மிச்சத்துக்கு வர்றேன்.

பையனுக்கு கஞ்சிக்கோடு ஐடிஐ-ல சீட்டு வாங்கணும், யாரைப் பாக்கறது? (வேலந்தாவளம்)

அண்ணா, பாலக்காட்டு பக்கம் கஞ்சிக்கோட்டுல இருக்கற ஐடிஐ டெலிபோன் சாமான் செய்யற மத்திய அரசு கம்பெனி. அங்க சீட்டெல்லாம் கிடையாது. அதே கஞ்சிக்கோட்டுல ஐஐடி ஒண்ணு இருக்கு, 2015-ல வந்தது, அது ஜேஇஇ எழுதி போறது. நீங்க கேக்கற தொழிற்பயிற்சி ஐடிஐ மலம்புழால இருக்கு. மூணும் வேற வேற. யாரையும் "பாக்க" வேண்டாம், பாத்தா காசுதான் போகும், ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடுங்க.

நாங்க தமிழ்தான், கேரளால கொழிஞ்சாம்பாறைல தமிழ் மீடியம் படிச்சேன். கோயமுத்தூர் கவர்மெண்ட் பாலிடெக்னிக்ல கோட்டா உண்டா? பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா தர்றாங்களே, அது கிடைக்குமா?

வீட்ல தமிழ் பேசறது வேற, சர்டிபிகேட் வேற கண்ணு. கேரளா தாலுகா ஆபீஸ் குடுத்த ஜாதி சர்டிபிகேட்டை வெச்சு தமிழ்நாட்டுல ரிசர்வேஷன் கேக்க முடியாது, ஓசி-லதான் (பொதுப் பிரிவு) வரும். நீ கேட்ட ஆயிரம் ரூபா, அந்த புதுமைப்பெண் திட்டப் பணமும் தமிழ்நாட்டுல ஆறாவதுலருந்து அரசுப்பள்ளிலயோ உதவிபெறும் பள்ளி தமிழ் மீடியத்துலயோ படிச்ச பொண்ணுங்களுக்குத்தான். எல்லைல இருக்கற வாளையார் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கமா இந்தப்பக்கமாங்கறதுல இவ்ளோ இருக்கு. பாலக்காட்டு கவர்மெண்ட் பாலிடெக்னிக் கொடும்புலதான், உங்களுக்கு பஸ் தூரம், எண்ட்ரன்ஸ் இல்ல, எஸ்எஸ்எல்சி மார்க்தான். கொஸ்டின் பேப்பர் இங்கிலீஷ்ல வரும், மலையாளம் எழுத தெரியலன்னு பயந்துட்டு விட்டுறாத.

ஐடிஐ பிட்டர் ரெண்டு வருஷம் முடிச்சுட்டேன். மறுபடி முதல் வருஷத்துலருந்தா?

வேண்டாம். நேரா ரெண்டாவது வருஷம் டிப்ளமா சேரலாம். முதல் வருஷ கணக்கை மட்டும் நீயா உக்காந்து படிச்சுக்க, அங்கதான் எல்லாரும் அரியர் வெக்கறாங்க.

டர்னர் வேலைக்கா போகப்போறேன், டிசைன் பக்கம்தான் போவேன். லேத்துல நின்னா சட்டையெல்லாம் ஆயில். ரெக்கார்டை சீனியர்கிட்ட வாங்கி எழுதிட்டா போதாதா? (பொள்ளாச்சி)

போதாது. நான் முப்பது வருஷத்துக்கு மேல ஒர்க்‌ஷாப்ல நின்னவன், இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். என்கிட்ட படிச்ச ஒரு பையன் எம்பத்தஞ்சு பர்சண்ட் வாங்கியிருந்தான், கம்பெனி இன்டர்வியூல கைல வெர்னியரை (நுணுக்கமா அளக்கற கருவி) குடுத்து இந்த ஜாப்போட (கடைஞ்ச துண்டு) டயாமீட்டர் சொல்லுன்னாங்க, மெயின் ஸ்கேல் 24, வெர்னியர்ல 13-வது கோடு நேரா நிக்குது, இவன் 24.13-ன்னான். லீஸ்ட் கவுண்ட், அதாவது அதால அளக்க முடியற மிகச்சின்ன அளவு, 0.02 மில்லிமீட்டர், பதிமூணு கோட்டுக்கு 0.26, அப்ப 24.26 வரணும். அதே பையனோட ரெக்கார்டுல லீஸ்ட் கவுண்ட் பார்முலா கலர் பென்சில்ல கட்டம் போட்டு அழகா இருந்துச்சு, அதுல நான்தான் கையெழுத்தும் போட்டிருந்தேன், அது இன்னும் எனக்கு உறுத்துது. டிசைன் பக்கம் போறேங்கறியே, லேத்துல வெட்டற டூல் செண்டர் ஹைட்டுக்கு (ஜாப் சுத்தற நடு உயரம்) கீழ இருந்தா பேசிங் பண்ணும்போது (ஜாப்போட முகத்தை சமமா வெட்டறது) நடுவுல ஒரு குமிழ் நிக்கும், அதை கண்ணால பாக்காதவன் படம் போட்டா ஷாப் ப்ளோர்ல எவனும் செய்ய முடியாத படமாத்தான் வரும். நான் வேலை பாத்த இடத்துல ஒரு பேட்சுக்கு நாலு லேத்து, அதுல ரெண்டுதான் ஓடும், பத்து பேரு சுத்தி நின்னு ஒருத்தன் சுத்தறதை வேடிக்கை பாப்பாங்க, காலேஜ் மேலயும் தப்பு உண்டு, இல்லைங்கல. அதனால என்ன, லன்ச் டைம்ல போய் நில்லு, இன்ஸ்ட்ரக்டர் திட்டினா திட்டட்டும். ஆனா சக் கீயை (ஜாப்பை பிடிக்கற சக்கை முறுக்கற சாவி) சக்குலயே விட்டுட்டு மோட்டாரை போட்டுறாத, ஒருதடவை அது பறந்து மேல ஆஸ்பெஸ்டாஸை ஓட்டை பண்ணிட்டு போச்சு, தலைல பட்டிருந்தா அவன் அன்னிக்கே போயிருப்பான். சாவி கைல இல்லாம ஸ்விட்ச்சுல கை வெக்காத.

ஆறு மாசத்துல, வீட்ல இருந்தே மெக்கானிக்கல் டிப்ளமாவாம். அம்பதாயிரம் கேக்கறாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கேக்கறாங்க.

ஆறு மாசத்துல டிப்ளமான்னு சொன்னப்பவே உங்களுக்கு சந்தேகம் வரலியா? அஞ்சல் வழில இன்ஜினியரிங் நடத்தக்கூடாதுன்னு 2017 நவம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஏஐசிடிஇ (தொழில்நுட்ப படிப்புக்கு அனுமதி குடுக்கற மத்திய அமைப்பு) அப்ரூவல் இருக்கான்னு அவங்க நோட்டீஸ்ல பாக்காதீங்க, ஏஐசிடிஇ வெப்சைட்ல பாருங்க. ஒரிஜினலை எவன்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க, எத்தனை தடவைதான் சொல்றது.

அமெரிக்கால கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் இன்ஜினியரிங் டெக்னாலஜி, பீஸ் கம்மின்னு மாமா சொல்றாரு. அப்புறம் இன்ஜினியர் ஆயிறலாமா?

மாமா பாதி சொல்லியிருக்காரு. பேர்ல டெக்னாலஜின்னு இருந்தா அது நம்ம பாலிடெக்னிக் மாதிரி, செஞ்சு பழகற படிப்பு, சுமார் 60 கிரெடிட் (அங்க படிப்பை அளக்கற யூனிட்), கால்குலஸ் கம்மி. நாலு வருஷ இன்ஜினியரிங்குக்கு மாறணும்னா ஆரம்பத்துலயே அப்படி மாறிப்போறதுக்குன்னு இருக்கற டிரான்ஸ்பர் கோர்ஸ்ல சேரணும், இல்லாட்டி பாதி கிரெடிட் எடுத்துக்க மாட்டாங்க. அங்கயும் ரெண்டு படிப்புக்கும் அங்கீகாரம் பாக்கற கமிஷனே தனித்தனி. முடிச்சதும் ஒரு வருஷம் அங்க வேலை பாக்க ஓபிடி-ங்கற அனுமதி கிடைக்கும், அதுக்கு மேல 24 மாசம் நீட்டிப்பு பேச்சலர் டிகிரியோ அதுக்கு மேலயோ வாங்கினவங்களுக்குத்தான், இந்த ரெண்டு வருஷ படிப்புக்கு கிடையாது. நிறைய காலேஜ்ல ஹாஸ்டலும் இல்ல, வாடகையை யார் கட்டறதுன்னு மாமாகிட்டயே கேளு.

டிப்ளமா முடிச்சுட்டு பி.இ. போக எண்ட்ரன்ஸ் எழுதணுமா?

தமிழ்நாட்டுல டிப்ளமா மார்க்தான், நேரா ரெண்டாவது வருஷம். கேரளால எல்இடி-ன்னு பரீட்சை உண்டு, ஆந்திரால ஈசெட்.

அப்ரெண்டிஸ் போனா சம்பளம் வருமா, சும்மா வேலை வாங்குவாங்களா?

ரெண்டும் நடக்கும். 2019-ல போட்ட விதில டிப்ளமாக்காரங்களுக்கு மாசம் குறைஞ்சது 8000-ன்னு இருந்துச்சு, அதுவும் நேட்ஸ் போர்ட்டல்ல (அப்ரெண்டிஸ் பதிவு பண்ற மத்திய அரசு வெப்சைட்) பதிவு இருந்தா மட்டும். பதிவு பண்ணாம "டிரெய்னிங்"னு கூப்பிட்டா போகாதீங்க. ஒரிஜினலை கேட்டா கண்டிப்பா போகாதீங்க.

மெக்கானிக்கலா, மெக்கட்ரானிக்ஸா?

எந்த காலேஜ்ல மிஷின் ஓடுதோ அது. அட்மிஷனுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்பை திறந்து காட்டச் சொல்லுங்க, சாவி காணோம்னு சொன்னா அடுத்த காலேஜுக்கு பஸ் ஏறுங்க.